மணக்குடி பாலத்தில் கொழும்பு விளம்பரம்

பிப்ரவரி 23, 2025 (வந்த கேள்வி)

"நேற்று ராத்திரி பதினொன்றரை வாக்கில் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி பாலத்துப் பக்கம் காரை ஓரங்கட்டி நின்றோம். காற்றே இல்லை. ரேடியோவைத் திருகினால் சுத்தமான தமிழில் ஒரு எஃப்.எம். பாட்டு முடிந்ததும் விளம்பரம்: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நகைக்கடை. அறிவிப்பாளர் பேச்சும் இலங்கைப் பேச்சு. கூட இருந்தவன் நம்பவில்லை. எஃப்.எம். அறுபது கிலோமீட்டர் தாண்டாது, உன் போன் ப்ளூடூத்தில் எதையோ ஓட்டியிருக்கிறது என்கிறான். நாகர்கோவில் வந்து சேர்வதற்குள் அந்த நிலையம் காணாமல் போய்விட்டது. யார் சொல்வது சரி?"

பிப்ரவரி 23, இரவு

நீங்கள் கேட்டது இலங்கைதான். சந்தேகமே வேண்டாம். நண்பர் சொன்னதும் சாதாரண நாளில் சரி. ஆனால் அன்றைய ராத்திரி சாதாரண ராத்திரி இல்லை. "காற்றே இல்லை" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விடை அதற்குள்ளேயே இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 24

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைவதால் ஓர் இடத்துக்கு மேல் அலை நம் தலைக்கு மேலே போய்விடும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஆண்டனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். நூறு மீட்டர் கோபுரமா, 41 கிலோமீட்டர். நண்பர் சொல்லும் அறுபது இந்த ரகத்துக் கணக்குதான்.

இப்போது இலங்கைக்கு வருவோம். அங்கே மிக உயரமான மலை பிதுருதலாகல, 2,524 மீட்டர். அதன் உச்சியிலிருந்தே ஒலிபரப்பினாலும் சுமார் 206 கிலோமீட்டர்தான் எட்டும். உங்கள் கார் ஆண்டனா தன் பங்குக்கு ஒரு ஐந்து கிலோமீட்டர் சேர்க்கும். மணக்குடியிலிருந்து அந்த மலைக்கு நேர்கோட்டில் 380 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு என்றால் 290 பக்கம், ஆனால் கொழும்பு தரைமட்டத்து ஊர். எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

இடிக்காமல் செய்வது காற்று. வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். கடல்மேல் சில நாட்கள் அது தலைகீழாகும். கீழே கடலை ஒட்டி ஈரமான, குளிர்ந்த காற்று கிடக்கும். பகலெல்லாம் காய்ந்த நிலத்திலிருந்து வந்த வறண்ட வெப்பக்காற்று அதன்மேல் பாய் விரித்த மாதிரி வந்து படுத்துக்கொள்ளும். இரண்டும் சேரும் இடத்தில் ரேடியோ அலை மடங்கிக் கீழே வரும், பூமியின் வளைவோடு கூடவே வளைந்து போகும். காற்று வீசினால் இரண்டு அடுக்கும் கலந்துவிடும், கதை முடிந்தது. அதனால்தான் காற்று ஓய்ந்த இரவுகளிலும் விடியற்காலையிலும் இது நடக்கிறது. மாசி, பங்குனி நல்ல காலம். ஆனி, ஆடியில் முப்பந்தலில் காற்றாலைகள் பேய்ச்சுற்று சுற்றும்போது நமக்கு ஒன்றும் கிடைக்காது.

மன்னார் வளைகுடாப் பக்கம் முழுக்கத் திறந்த கடல். நடுவில் ஒரு மேடு கிடையாது. தூத்துக்குடிக்காரர்களும் ராமேஸ்வரத்துக்காரர்களும் இதைப் பெரிய விஷயமாகவே நினைப்பதில்லை.

பிப்ரவரி 24, கொஞ்சம் கழித்து

ப்ளூடூத் சந்தேகம் தீர ஒரு வழி: அடுத்த முறை போனை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பிப்ரவரி 26

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். "நம்ம கடற்கரை மணலில் கதிர்வீச்சு இருக்கிறதே, மோனசைட், தோரியம் எல்லாம். அதனால்தான் ரேடியோ இங்கே தூரத்து நிலையங்களை எடுக்கிறது என்று எங்கள் வாத்தியார் சொல்வார்."

இதை நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இரணியல் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேச்சு ஓடும். உண்மை இல்லை. தோரியத்திலிருந்து வருவது காமா கதிரும் ஆல்பாத் துகளும். ரேடியோ அலையோடு ஒப்பிட்டால் அவற்றின் அளவே வேறு. எஃப்.எம். அலை ஒன்றின் நீளம் மூன்று மீட்டர், காமாக் கதிருடையது அணுவைவிடச் சிறியது. மணல் ரேடியோவுக்கு உதவவும் உதவாது, கெடுக்கவும் கெடுக்காது.

ஆனால் பக்கத்தில் கிடக்கும் உப்புத்தண்ணீர் உதவும், அதுவும் எஃப்.எம்.முக்கு இல்லை, மீடியம் வேவுக்கு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

மார்ச் 1

எங்கள் வீட்டு ஆண்டனா.

எண்பதுகளின் கடைசியில் இந்த மாவட்டத்தில் டி.வி. வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது திருவனந்தபுரம் தூர்தர்ஷன். 1985 முதல் அங்கே மலையாள நிகழ்ச்சிகள். நாகர்கோவிலிலிருந்து நேர்கோட்டில் அறுபத்தைந்து கிலோமீட்டர் கூட இருக்காது. சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். சென்னை தூர்தர்ஷனின் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 'ஒளியும் ஒலியும்' பார்த்தது திருநெல்வேலி மாமா வீட்டுக்குப் போனால்தான். அங்கே கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்ததும் அவர்களுக்குத் தமிழ் கிடைத்துவிட்டது. நமக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் மேற்குத்தொடர்ச்சி மலை நின்றது.

ஆண்டனா என்பது ஜி.ஐ. பைப்பின் உச்சியில் அலுமினியக் கம்பிகள். பைப்பைக் கமுகில் சேர்த்துக் கட்டுபவர்களும் உண்டு. மழைக்காலத்தில் கமுகு ஆடும், படமும் ஆடும். மாமா மேலே ஏறிப் பைப்பைத் திருப்புவார். நான் ஜன்னல் பக்கம் நின்று கத்த வேண்டும்.

"தெரியுதா மக்கா?"

"ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல!"

"இப்பம்?"

"ரெண்டு ஆளு தெரியுது!"

ஒரே ஆள் இரண்டாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. அலை நேரே வந்து சேரும், மலையில் மோதித் தெறித்தும் வந்து சேரும். தெறித்தது கொஞ்சம் தாமதம். அந்தத் தாமதம் திரையில் வலதுபக்கம் தள்ளி நிற்கும் நிழலாகத் தெரியும். வேளிமலை மறைவில் இருந்த வீடுகளில் இந்த இரட்டைப்பிறவிகள் சாதாரணம்.

வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம். கிழக்கே, கொஞ்சம் தெற்கே தள்ளித் திருப்பினால், அதிர்ஷ்டம் இருக்கும் ராத்திரிகளில், இலங்கையின் ரூபவாஹினி. அது 1982-இல் தொடங்கியது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூஸ்டர் வைத்து அதைப் பிடிப்பார்கள். சிங்களச் செய்தி ஓடும். யாருக்கும் ஒரு எழுத்தும் புரியாது. வராண்டா நிறைய ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். எதற்கு என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. வெளிநாட்டுப் படம் நம்ம வீட்டுக்குள் வருகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 2

"அப்போ உங்களுக்கு மலையாளம் தெரியுமா?" என்று மதுரையிலிருந்து கேள்வி. தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த மலையாளம் செய்தி வாசிப்பாளரின் மலையாளம். திருவனந்தபுரத்தில் ஆட்டோக்காரரிடம் அதைப் பேசினால் அவர் திரும்பி ஒரு மாதிரி பார்க்கிறார்.

மார்ச் 5

பாட்டாவின் (தாத்தாவின்) ரேடியோ.

மரப்பெட்டி, வால்வு செட். போட்டதும் பாடாது. சூடாகிப் பச்சை விளக்கு தெளியும் வரை காத்திருக்க வேண்டும். அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டிய சின்னப் புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ரேடியோ கேட்க அரசாங்கத்துக்கு வருடாவருடம் பணம் கட்டிய நாடு இது. எண்பதுகளின் நடுப்பகுதியோடு அது ஒழிந்தது.

மீடியம் வேவில் முள்ளை 1161-இல் வைத்தால் திருவனந்தபுரம். ஒரு விரல் நகர்த்தினால் 1197, திருநெல்வேலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நகம் நுழையும் இடம்தான். அந்த நகத்துக்கு அந்தப் பக்கம் தமிழ், இந்தப் பக்கம் மலையாளம். 1956 நவம்பர் 1 வரை இந்த நாலு தாலுகாவும், அதாவது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவனந்தபுரத்தோடு இருந்தவை. பாட்டாவுக்கு முதலில் பழக்கமான நிலையம் திருவனந்தபுரம். 1943-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது அது. மாவட்டம் இந்தப் பக்கம் வந்தபிறகும் முள் அந்தப் பக்கமே நின்றது. செய்திக்கு மட்டும் திருநெல்வேலிக்கு நகர்த்துவார்.

பாட்டுக்கு இரண்டும் இல்லை. பாட்டுக்கு இலங்கை. ஐம்பதுகளில் ஆகாசவாணி சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கி வைத்தபோது நாடு முழுக்க ஆட்கள் கொழும்பு பக்கம் திரும்பினார்கள் என்பது தெரிந்த கதை. ஆகாசவாணியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி 1957-இல்தான் வந்தது. மற்றவர்கள் சிற்றலையில் கரகரப்போடு கேட்டதை, நம் கடற்கரை ஊர்க்காரர்கள் பட்டப்பகலில் மீடியம் வேவில் தெளிவாகக் கேட்டார்கள். இங்கேதான் அந்த உப்புத்தண்ணீர். மீடியம் வேவ் அலை தரையை ஒட்டி ஊர்ந்து போகும். காய்ந்த மண் அதை உறிஞ்சிவிடும். கடல்நீர் மின்சாரத்தை மண்ணைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாகக் கடத்துவதால் அலை தேயாமல் வரும். குளச்சலில் பகலில் கேட்ட அதே நிலையம் குலசேகரத்தில் ராத்திரியானால்தான் கேட்கும். ராத்திரிக் கணக்கு வேறு: பகலில் வானத்தில் அலையைத் தின்னும் ஒரு மின்னூட்ட அடுக்கு சூரியன் போனதும் கலைந்துவிடும். மேலே இருக்கும் அடுக்கில் பட்டு அலை திரும்பி வரும்.

இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் எங்கள் தெருவில் நடித்துக் காட்டாத பையன் இல்லை. எனக்கு ஹமீத் வரும். ராஜா வரவே வராது, மூச்சு முட்டும்.

மார்ச் 6

நேற்று எழுத விட்டுப்போனது. பாட்டா சுவர்க்கடிகாரத்தை இலங்கை வானொலி மணி சொல்வதை வைத்துத்தான் திருத்துவார். 1996 மே மாதம் இலங்கை மின்சாரச் சிக்கனத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரைமணி பின்னே வாங்கியது. அதற்குப் பிறகு 2006 ஏப்ரல் வரை அவர்கள் நம்மைவிட அரைமணி முந்தி இருந்தார்கள். பாட்டா தன் பழக்கத்தை மாற்றவே இல்லை. "நம்ம ரேடியோ சொல்லுதது தப்பாட்டு இருக்கும்" என்று ஒரே பிடி. வீட்டில் ஒரே ஒரு கடிகாரம் கொழும்பு நேரத்தில் ஓடியது. அவர் மட்டும் எந்தப் பஸ்ஸையும் தவறவிட்டதில்லை.

மார்ச் 8

"கடிகாரக் கதை கட்டுக்கதை" என்கிறார் ஒருவர். பாட்டாவைப் பற்றி நீங்கள் நம்பாமல் இருக்கலாம். நேரத்தை மாற்றியது நடந்தது. இலங்கையில் வளர்ந்த யாரையாவது கேளுங்கள், பழைய நேரம், புது நேரம் என்று இரண்டு வைத்திருந்ததைச் சொல்வார்கள்.

மார்ச் 11

கேள்வி கேட்ட மணக்குடிக்காரர் மறுபடி போயிருக்கிறார். இந்த முறை இன்னொரு விந்தை. காரை மெதுவாக நகர்த்தினால் ஒரே எண்ணில் பாட்டு மாறுகிறது. இரண்டடி முன்னே போனால் சிங்களம், பின்னே வந்தால் மலையாளம். இரண்டும் கலந்து கேட்பதே இல்லை, மாறுகிறது. "ரேடியோ ரிப்பேரா?"

ரேடியோ நன்றாக இருக்கிறது. இது எஃப்.எம்.மின் குணம். ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வந்தால் எது கொஞ்சம் வலுவோ அதை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். மீடியம் வேவில் அப்படி இல்லை, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும், கூடவே ஒரு விசில். அலையின் நீளம் மூன்று மீட்டர் என்றேனே, அதனால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை வலு ஏறி இறங்கும். நீங்கள் காரை நகர்த்தும்போது ஒன்று ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது.

இன்னொன்று. எண்களைப் பாருங்கள். கொடைக்கானலிலிருந்து வரும் கோடை பண்பலை 100.5. நாகர்கோவில் 101. திருவனந்தபுரம் அனந்தபுரி 101.9. ஒன்றரை மெகாஹெர்ட்ஸுக்குள் மூன்று பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நாகர்கோவில் ஊருக்குள் 101 எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நீங்கள் ஊருக்கு வந்ததும் இலங்கை காணாமல் போனதற்குப் பாதிக் காரணம் இது, மீதிக் காரணம் கடலை விட்டு விலகியது. திருநெல்வேலி பக்கம் போனால் கோடை தெளிவாகக் கேட்கும். கோபுரம் மலையுச்சியில் இருப்பதால் வர்க்கமூலக் கணக்குப்படி 190 கிலோமீட்டர் வரை வாய்ப்பு உண்டு.

நாகர்கோவில் 101 பற்றித் தெரியாதவர்களுக்கு: நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான், 1984 அக்டோபர் 30. டில்லி, பம்பாய் எல்லாம் இருக்க, முதலில் நமக்கு. இதைச் சொல்லி நான் பீற்றிக்கொள்ளாத வெளியூர் நண்பர் இல்லை.

மார்ச் 15

களியக்காவிளையிலிருந்து வந்தது: "ரேடியோவை விடுங்க. என் போன் என் வீட்டுக்குள்ளேயே கேரளாவுக்குப் போய்ட்டு வருது."

எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு இது பழைய வயிற்றெரிச்சல். தொலைபேசிக் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா ஒரு வட்டம். போனுக்கு அது தெரியாது. வலுவான கோபுரம் எதுவோ அதைப் பிடிக்கும். ரோமிங்குக்குத் தனிக் காசு வாங்கிய காலத்தில் கொல்லங்கோட்டில் என் சொந்தக்கார அக்கா ஒருவர் அடுக்களையில் எடுத்தால் ரோமிங், முற்றத்தில் எடுத்தால் உள்ளூர் என்று பிரித்து வைத்திருந்தார். அழைப்பு வந்ததும் முற்றத்துக்கு ஓடுவார். அத்தான் சட்டென்று போனில் நெட்வொர்க்கைக் கையால் தேர்வு செய்து பூட்டி வைத்தார். அதற்குப் பிறகு அடுக்களையில் சிக்னலே இல்லை. அக்காவுக்கு அதுதான் நிம்மதி.

இப்போது ரோமிங்குக்குத் தனிக்காசு இல்லை. ஆனால் 2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனைக்காக எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியதே, நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் ஒரு நாள், கேரளாவில் வேறு நாள். இரண்டு பக்கத்துக் கோபுரத்தையும் மாறி மாறிப் பிடித்தவர்களின் போன் இரண்டு நாளும் அலறியது. எச்சரிக்கை கோபுரம் வழியாகப் போகிறது, ஆதார் வழியாகப் போகவில்லை.

மார்ச் 16

"சீப்பா ஒரு போன்ல எஃப்.எம். வருமா?" வரும், இயர்போன் ஒயர் செருகினால். அந்த ஒயர்தான் ஆண்டனா. எஃப்.எம். அலையின் கால்பங்கு 75 சென்டிமீட்டர், ஒயரும் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். ஒயர் இல்லாத இயர்போன் வந்தபிறகு பல போன்களில் ரேடியோவையே எடுத்துவிட்டார்கள். எடுக்காதீர்கள், பேரிடர் நேரத்தில் உதவும் என்று 2023-இல் மத்திய மின்னணுவியல் அமைச்சகம் அறிவுறுத்தியது. கடைக்குப் போனால் விற்பனைப் பையன் "ஆப் போட்டுக்கோங்க சார்" என்கிறான். நெட் இல்லாதபோது ஆப்பை வைத்து என்ன செய்ய?

மார்ச் 22

சின்னத்துறையிலிருந்து ஒரு தம்பி எழுதியதைப் படித்தபிறகு சில நாள் இதைத் தொடவில்லை. "அண்ணே, நீங்க எல்லாரும் அலை தூரமா போகுததைப் பத்திப் பேசுதீங்க. எங்களுக்கு அது போகாததுதான் பிரச்சினை."

உண்மை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்கள். புயல் வருவதற்குள் கரைக்குத் திரும்பும் தூரத்தில் பலர் இல்லை, செய்தி போய்ச் சேரும் தூரத்திலும் இல்லை. மேலே போட்ட கைக்கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். படகில் ஆண்டனா நாலு மீட்டர் உயரம். வர்க்கமூலம் இரண்டு, எட்டு கிலோமீட்டர். எதிர்ப்படகும் எட்டு. இரண்டு படகும் பதினாறு கிலோமீட்டருக்குள் இருந்தால் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் பேசலாம். ஒருவருக்கொருவர் சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லித்தான் செய்தி நகரும். காற்றடுக்கு ஒத்துழைக்கும் நாளில் நூறு கிலோமீட்டர் கேட்கலாம். புயல் நாளில் அந்த அடுக்கு இருக்காது. அமைதியான கடலில் எல்லாம் கேட்கும், அடிக்கும்போது ஒன்றும் கேட்காது.

செல்போன் கதையும் சொல்கிறேன். கடலிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிறது, போனில் கோடு காட்டுகிறது, ஆனால் பேச்சு போகவில்லை என்று பழைய 2ஜி காலத்தில் எல்லோரும் சொல்வார்கள். 2ஜி-யில் ஒவ்வொரு போனுக்கும் பேச ஒரு துளி நேரம் ஒதுக்குவார்கள். அலை வந்து சேரும் தாமதத்தையும் கோபுரம் ஈடுகட்ட வேண்டும். அந்த ஈடு அதிகபட்சம் 63 படி, ஒரு படிக்கு ஏறக்குறைய 550 மீட்டர். பெருக்கினால் 35 கிலோமீட்டர். அதற்கு அந்தப் பக்கம் சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கோபுரம் உங்களை ஏற்காது. கடலில் போட்ட கோடு அது, கண்ணுக்குத் தெரியாது.

ஒக்கிக்குப் பிறகு மாற்றம் வந்தது. 2019-இல் ஜெமினி என்ற கருவி. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கிப் போனுக்குக் கொடுக்கும். ஆனால் அது ஒருவழி. கரை பேசும், கடல் பேசாது. இப்போது விசைப்படகுகளில் இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் வைக்கிறார்கள், படகிலிருந்தும் செய்தி அனுப்பலாம். தம்பி படகில் இருக்கிறதாம். "வேலை செய்யுதா?" என்று கேட்டதற்கு "சும்மா அமுக்கிப் பாக்கக் கூடாதுண்ணு சொல்லியிருக்காங்க, அதனால தெரியாது" என்று பதில். பொய்யான அபாயச் செய்தி போகக் கூடாது என்பது நியாயம். ஒத்திகைக்கு என்று வருடத்துக்கு ஒரு நாள் வைத்தால் என்ன?

மார்ச் 30

மார்த்தாண்டத்து நண்பர் என் மார்ச் 1 குறிப்பின் மேல் பாய்ந்திருக்கிறார். "மலையாளம் பார்த்தோம், இலங்கை கேட்டோம் என்று என்னமோ ரசனையால் தேர்ந்தெடுத்த மாதிரி எழுதுகிறீர். வேறு வழி இல்லாமல் பார்த்தது ஓய். சன் டி.வி.யும் ஏஷியாநெட்டும் 1993-இல் வந்ததும் ஆண்டனாவைக் கழற்றி விற்றவன் நான்."

நான் அதில் பெருமை எதுவும் ஏற்றவில்லை, ஆனால் அவர் சொல்வதை மறுக்கவும் இல்லை. வேறு வழி இல்லைதான். எங்கள் தெருவில் கேபிள் வந்த மாதமே சிங்களச் செய்திக் கூட்டம் கலைந்தது. ஒருவரும் அதற்காக வருத்தப்படவில்லை.

என் சந்தேகம் வேறு. இப்போது என் போனுக்குள் எல்லா மொழியும் இருக்கிறது, ஒரு தொடுதலில் ஐஸ்லாந்து ரேடியோ கேட்கலாம். கேட்கிறேனா? இல்லை. நேற்றுப் பார்த்ததைப் போல இன்னொன்றைத்தான் அது நீட்டுகிறது, நானும் வாங்கிக்கொள்கிறேன். அன்றைக்கு வேளிமலையும் கடலும் முடிவு செய்ததில் என் விருப்பத்துக்கு இடமே இல்லை. அதனால்தான் எனக்குத் தெரியாத ஒன்று வீட்டுக்குள் வர முடிந்தது என்று நினைக்கிறேன். நண்பர் இதைப் படித்தால் "ஆண்டனாவைத் திருப்பப் போனது உம்ம மாமா, நீர் இல்லை" என்பார். அதுவும் சரி.

ஒரு சின்னக் கசிவு மட்டும் மிச்சம். நாகர்கோவிலில் உட்கார்ந்து யூடியூப் பார்த்தால் எனக்கு மலையாள விளம்பரம் வருகிறது. கொச்சி ஜவுளிக்கடை, ஓணத் தள்ளுபடி. வானிலை ஆப் சில நாள் நான் சென்னையில் இருப்பதாக நினைத்து வெயில் சொல்கிறது, சில நாள் திருவனந்தபுரத்து மழையைச் சொல்கிறது. இணைய முகவரி எந்த ஊர் வாசல் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊரில் நான் இருப்பதாக அவை எடுத்துக்கொள்கின்றன. 1956-இல் பிரித்ததை இந்தக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 31

ஆமாம், ஓணத் தள்ளுபடியில் ஒரு முறை வேட்டி வாங்கினேன். நல்ல வேட்டி.

ஏப்ரல் 6

முயன்று பார்க்கக் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக.

காற்று இல்லாத, பகல் நன்றாகக் காய்ந்த நாளின் இரவு. பத்து மணிக்கு மேல், அல்லது சூரியன் வருவதற்கு முன். தென்கிழக்கே கடல் தெரிகிற இடம்: கன்னியாகுமரி, கோவளம், மணக்குடி, வட்டக்கோட்டை. முட்டத்திலும் கிடைக்கும், ஆனால் கரைமேட்டுக்கு மேற்கே மறைவில் நிற்காதீர்கள். கார் ரேடியோ போதும். கையடக்க ரேடியோ என்றால் கம்பியை முழுசாக இழுத்துவிட்டு, நட்டுக்குத்தாகவும் படுக்கையாகவும் வைத்துப் பாருங்கள். தானாகத் தேடும் பட்டன் வலுவில்லாத நிலையத்தைத் தாண்டிப் போய்விடும், கையால் ஒவ்வொரு எண்ணாகத் திருகுங்கள். 101-ஐயும் அதன் இரண்டு பக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

எஃப்.எம். ஏமாற்றினால் மீடியம் வேவ் இருக்கிறது. 882-இல் புத்தளத்திலிருந்து 400 கிலோவாட்டில் ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பு, அதற்குக் காற்றடுக்கு எதுவும் தேவையில்லை. அதுகூடக் கேட்கவில்லை என்றால் உங்கள் ரேடியோவைத்தான் பார்க்க வேண்டும், அல்லது பக்கத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கை. மலிவான எல்.இ.டி. விளக்குகளும் போன் சார்ஜர்களும் மீடியம் வேவ் முழுக்கச் சத்தத்தைக் கொட்டுகின்றன. கார் சார்ஜரைக் கழற்றுங்கள்.

சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்காதீர்கள். இரண்டடி உயரத்தில் ஒன்றும் கூடிவிடாது, கால் வழுக்கும்.

ஏப்ரல் 7

ஜே.பி.எல். ஸ்பீக்கரில் எஃப்.எம். வருமா என்று கேட்டவருக்கு: பெட்டியின் பின்பக்கம் பாருங்கள், எஃப்.எம். என்று எழுதியிருந்தால் வரும். சில மாடலில் சார்ஜர் ஒயரே ஆண்டனா, அதைக் கழற்றினால் நின்றுவிடும்.